இரண்டு ஜீனோமைப் பக்கத்தில் வைத்துப் படம் போடும்போது: குறுக்கே ஓடும் பட்டைகளை எப்படிப் படிப்பது?

தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இதுதான். திருவாரூர்ப் பக்கம் ஒரு சம்பா வயலில் பாக்டீரியா இலைக்கருகல் வந்த நெற்பயிரிலிருந்து அந்த நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற கிருமியைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். டிஎன்ஏவை நீளமான துண்டுகளாகப் படிக்கும் நீண்ட வாசிப்பு முறையில் அதன் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்து, ஒரே வட்டமாகச் சேர்த்தும் விட்டார்கள். அதை பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பிஎக்ஸ்ஓ99ஏ என்ற பிரபலமான வகையோடு ஈசிஃபிக் மென்பொருளில் ஒப்பிட்டால், இரண்டு அகலமான சாம்பல் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறுக்கே ஓடுகின்றன. மீதி இடமெல்லாம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். "இது பெரிய இடமாற்றமா சார்? ஆய்வேட்டில் அப்படியே போடலாமா? இதைவிட நல்ல மென்பொருள் இருக்கிறதா?" என்பது கேள்வி.

அப்படியே போடாதீர்கள். மென்பொருளை மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது. வேறு எதில் போட்டாலும் அதே குறுக்குப் பட்டைகள்தான் வரும். படத்துக்கு முன்னால் வரிசையில் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

திருவாரூர்க்காரரிடம் இதைச் சொல்வது எளிது. தேர் ஓடும் நான்கு வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் கீழவீதியில் புறப்பட்டு, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று சுற்றி மறுபடி நிலைக்கு வரும். ஒருவர் கீழவீதியில் தொடங்கி அதே திசையில் நடந்து, வழியில் உள்ள கடைகளை வரிசையாக எழுதுகிறார். இன்னொருவர் மேலவீதியில் தொடங்கி, அதே திசையில் நடந்து எழுதுகிறார். இரண்டு பட்டியலையும் மேலும் கீழுமாகக் கிடத்தி, ஒரே பெயருள்ள கடைகளைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். முதல் பட்டியலின் முன்பாதி இரண்டாவதன் பின்பாதிக்குப் போகும், பின்பாதி முன்பாதிக்கு வரும். நடுவில் இரண்டு பெரிய பட்டைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். ஊரில் ஒரு கடைகூட இடம் மாறவில்லை. எழுதத் தொடங்கிய இடம்தான் வேறு.

உங்கள் கிருமியின் குரோமோசோமும் வட்டம். அசெம்பிளி செய்யும் மென்பொருள், அதாவது வாசித்த துண்டுகளைக் கோத்து முழு வரிசையாக்கும் மென்பொருள், அந்த வட்டத்தை எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் கோப்பில் நீட்டி எழுதியாக வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில் அதற்கு எந்த உயிரியல் அக்கறையும் கிடையாது. பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும் முழு வட்டங்களை மட்டும் பெரும்பாலும் ஒரு வழக்கப்படி எழுதியிருப்பார்கள். குரோமோசோம் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதத்துக்கான டிஎன்ஏஏ என்ற மரபணுவை முதலில் வைத்து, அங்கிருந்து எழுதிக்கொண்டு போவார்கள். அதுதான் தேர் நிலை. உங்கள் வட்டத்தையும் அந்த நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். சர்க்லேட்டர், டிஎன்ஏஆப்ளர் போன்ற சிறு கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. டிஎன்ஏஏ இருக்கும் இடத்தை, ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட்டில் கண்டுபிடித்து, நீங்களே வெட்டி ஒட்டினாலும் சரிதான்.

இது வெறும் தொடக்கப்புள்ளிப் பிரச்சினை என்று உங்கள் படத்தைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன ஒரே விவரத்தை வைத்துத்தான்: இரண்டு பட்டையும் சாம்பல் நிறம். ஈசிஃபிக்கில் நேர்ப் பொருத்தத்துக்கு ஒரு நிறமும் தலைகீழ்ப் பொருத்தத்துக்கு வேறு நிறமும் வைக்கலாம். உங்கள் இரண்டு பட்டைகளும் நேர்ப் பொருத்த நிறத்தில் இருந்தால், இரண்டு வரிசைகளும் ஒரே திசையில்தான் ஓடுகின்றன, தொடக்கம் மட்டும் தள்ளியிருக்கிறது. பட்டை தலைகீழ் நிறத்தில் வந்து, உடுக்கையைப் போல நடுவில் முறுக்கிக்கொண்டு நின்றால் கதை வேறு. ஆனால் அங்கேயும் அவசரப்படக் கூடாது. ஒரே ஒரு பெரிய உடுக்கை ஜீனோம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றால், அசெம்பிளி எதிர் இழையை எழுதியிருக்கிறது என்றுதான் அர்த்தம். முழு வரிசையையும் எதிர் இழைக்கு மாற்றி எழுதினால் அது நேராகிவிடும். வரிசையின் ஒரு பகுதி மட்டும் உடுக்கையாக, இரு பக்கமும் நேர்ப் பட்டைகள் சூழ நின்றால்தான் தலைகீழ்த் திருப்பம் என்ற பேச்சையே தொடங்கலாம். எந்த நிறம் எதற்கு என்பதைப் படத்தின் விளக்கக் குறிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே சாம்பலை வைத்திருந்தால் நான் சொன்னது எதுவும் தெரியாது.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஈசிஃபிக் நல்ல கருவி, 2011இல் வந்தது. ஆனால் முழு ஜீனோமைக் காட்ட அதைப் பிடித்ததுதான் உங்களுக்குச் சிலந்தி வலை வந்ததற்குப் பாதிக் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஎக்ஸ்ஓ99ஏ ஜீனோம் 52,40,075 எழுத்து நீளம், அதில் ஐயாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். ஆய்வேட்டுப் பக்கத்தில் படத்துக்குக் கிடைக்கும் அகலம் 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 31 ஆயிரம் எழுத்து வருகிறது. அதாவது முப்பது மரபணு அம்புகளை ஒரு மில்லிமீட்டரில் வரையச் சொல்கிறீர்கள். கறுப்புத் தீற்றல்தான் வரும். அதே 17 சென்டிமீட்டரில் 30 ஆயிரம் எழுத்துள்ள ஒரு பகுதியை மட்டும் வைத்தால், ஆயிரம் எழுத்து மரபணு ஒன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் கிடைக்கும். அம்பும் தெரியும், பெயரும் எழுதலாம். ஈசிஃபிக் அந்த வேலைக்கான கருவி.

முழு ஜீனோமுக்கு முதலில் புள்ளிப் படம் போடுங்கள். 1970இல் கிப்ஸ், மெக்கின்டயர் என்ற இருவர் கொடுத்த பழைய முறை இது. இன்றுவரை இதைவிட நேர்மையான படம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். தத்துவத்தைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு கிராஃப் தாள் போதும். மாணவர்களுக்கு நான் ரயிலை வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். தாளின் அடியில் இடமிருந்து வலமாக தஞ்சாவூர், அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரப்பெருமாள் கோயில், தாராசுரம், கும்பகோணம் என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக அதே ஆறு ஊர்களை அதே வரிசையில் எழுதுங்கள். பெயர் பொருந்தும் கட்டத்தில் எல்லாம் புள்ளி வையுங்கள். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு நேர்கோடாக ஏறும்.

இப்போது இடது ஓரத்தில் கும்பகோணத்திலிருந்து திரும்பி வரும் வண்டியின் வரிசையை எழுதுங்கள். கோடு சரிந்து இறங்கும். பாபநாசம், சுந்தரப்பெருமாள் கோயில், தாராசுரம் ஆகிய மூன்றை மட்டும் தலைகீழாக எழுதினால், கோடு ஏறி, நடுவில் இறங்கி, மறுபடி ஏறும். அதுதான் தலைகீழ்த் திருப்பம். பாபநாசத்தை இரண்டு முறை எழுதினால் ஒரே ஊருக்கு நேராக இரண்டு புள்ளிகள் விழும். அதுதான் இரட்டிப்பு. ஓர் ஊரை விட்டுவிட்டால் கோட்டில் இடைவெளி. வீதியை வேறு மூலையிலிருந்து எழுதிய கதையும் இதில் அழகாகத் தெரியும்: ஒரே கோடு இரண்டாக உடைந்து, இரண்டு துண்டும் ஏறுமுகமாகவே, ஒன்று மேல் இடது பக்கமும் மற்றது கீழ் வலது பக்கமும் நிற்கும். இந்த ஐந்து வடிவங்களும் மனதில் பதிந்துவிட்டால் எந்தப் புள்ளிப் படத்தையும் படித்துவிடலாம்.

டிஎன்ஏவில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக நான்கே எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று புள்ளி வைத்தால் நான்கில் ஒன்று தற்செயலாகவே பொருந்தி, தாள் முழுக்கப் புள்ளியாகிவிடும். அதனால் மென்பொருள்கள் ஓரளவு நீளமான பொருத்தங்களை மட்டும் எடுக்கின்றன. மம்மர் தொகுப்பில் உள்ள நியூக்மர், வழக்கமாக 20 எழுத்தாவது பிசகாமல் பொருந்தும் துண்டுகளைத் தேடி, அருகருகே இருப்பவற்றைக் கோத்து நீட்டும். மம்மரின் முதல் வடிவம் 1999இல் வந்தது, நான்காவது 2018இல். பாக்டீரியா அளவு ஜீனோம் என்றால் சாதாரண மடிக்கணினியிலேயே சீக்கிரம் முடிந்துவிடும். கட்டளை வரி பழக்கமில்லை என்றால் டி-ஜெனீஸ் என்ற இணையக் கருவி இருக்கிறது. இரண்டு ஜீனோமின் ஃபாஸ்டா வரிசைக் கோப்புகளை ஏற்றினால் போதும், மினிமேப்2 என்ற ஒப்பீட்டு மென்பொருளைக் கொண்டு அதுவே ஒப்பிட்டுப் புள்ளிப் படம் தந்துவிடும். பெரிதாக்கியும் பார்க்கலாம்.

நியூக்மர் தரும் கோப்பின் பெயர் டெல்டா. நம் பக்கத்து மாணவர்களுக்கு அந்தப் பெயர் மட்டும் மறப்பதே இல்லை. அந்த டெல்டா கோப்பை வடிகட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, பலரும் விழுகிறார்கள். வடிகட்டியில் ஒன்றுக்கு ஒன்று என்று ஒரு தேர்வு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் மறு ஜீனோமில் மிகச் சிறந்த ஒரே பொருத்தத்தை மட்டும் அது வைத்துக்கொள்ளும். படம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகும். ஆனால் இரட்டிப்பு எல்லாம் படத்திலிருந்து காணாமல் போய்விடும்.

உங்கள் விஷயத்தில் இது சிறிய சமாச்சாரம் இல்லை. பிஎக்ஸ்ஓ99ஏ ஜீனோமில் 2 லட்சத்து 12 ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி, கிட்டத்தட்ட ஒரு மாற்றமும் இல்லாமல், அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கிறது. 2008இல் அந்த ஜீனோம் வெளியானபோதே இது தெரிந்த விஷயம். ஜப்பானின் எம்ஏஎஃப்எஃப் 311018, கொரியாவின் கேஏசிசி 10331 ஆகிய இரண்டும் சுமார் 49 லட்சம் எழுத்துதான். பிஎக்ஸ்ஓ99ஏ அவற்றைவிட நீளமாக இருப்பதற்கு இந்த இரட்டிப்பு ஒரு முக்கியக் காரணம். உங்கள் கிருமியில் இந்தப் பகுதி ஒரு முறைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்ஓ99ஏயைக் கிடையாகவும் உங்களுடையதைச் செங்குத்தாகவும் வைத்தால், கோடு ஏறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் 2.12 லட்சம் எழுத்து அளவுக்குச் சட்டென்று கீழே இறங்கி, விட்ட உயரத்துக்கு மறுபடி ஏறிப் போகும். ஒன்றுக்கு ஒன்று வடிகட்டியைப் போட்டால் இந்தப் படி மறைந்து, அந்த இடத்தில் வெறும் இடைவெளிதான் தெரியும். இடைவெளியைப் பார்த்துவிட்டு "எங்கள் வகையில் இந்தப் பகுதி இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். அதனால் வடிகட்டாத படம், வடிகட்டிய படம் இரண்டையும் எப்போதும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு சந்தேகமும் கிளம்ப வேண்டும். உங்களிடம் இரட்டிப்பு உண்மையில் இல்லையா, அல்லது அசெம்பிளி மென்பொருள் இரண்டு பிரதிகளையும் ஒன்றாகச் சுருட்டிவிட்டதா? உங்கள் வாசிப்புகள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 2 லட்சம் எழுத்தைத் தாண்டி இருபுறமும் நிற்பது அரிது. இதற்குச் சுலபமான சோதனை, வாசிப்புகளை உங்கள் வட்டத்தின் மீதே திரும்பப் பொருத்தி ஆழத்தை, அதாவது ஒவ்வோர் இடத்தையும் எத்தனை வாசிப்புகள் மூடுகின்றன என்பதைப் பார்ப்பது. மற்ற இடங்களில் ஆழம் 60 என்றால் அந்தப் பகுதியில் மட்டும் 120 வந்தால், சுருட்டல் நடந்திருக்கிறது. ஒரே சீராக இருந்தால் ஒரு பிரதிதான். இதைப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பி எதையும் எழுதாதீர்கள்.

சரி, சிலந்தி வலைக்கு வருவோம். அதற்கு மீதிப் பாதிக் காரணம் உங்கள் கிருமியின் சுபாவம். சாந்தோமோனாஸ் ஒரைசேயின் ஜீனோம் முழுக்க, இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு எழுத்து அளவில், ஒரே மாதிரியான பல பிரதிகள். பிளாஸ்ட் ஒவ்வொரு பிரதியையும் மறு ஜீனோமின் எல்லாப் பிரதிகளோடும் இணைக்கும். ஐம்பது பிரதி இங்கே, ஐம்பது பிரதி அங்கே என்றால் அதுவே 2500 கோடு. இதோடு டால் எஃபெக்டர் மரபணுக்கள் சேர்ந்துகொள்ளும். நெல்லுக்குள் புகுந்து, நெல்லின் மரபணுக்களையே முடுக்கிவிடும் புரதங்களுக்கானவை அவை. ஒவ்வொன்றின் நடுவிலும் 102 எழுத்து கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். பிஎக்ஸ்ஓ99ஏயில் இப்படி 19 மரபணுக்கள். எல்லாமே ஒன்றோடு ஒன்று பொருந்தும்.

முழு ஜீனோம் படத்தில் இவற்றைக் காட்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சப் பொருத்த நீளத்தை 5000 என்று வைத்தால் தாவும் துண்டுகளும் டால் மரபணுக்களும் தனியாகக் கோடு போடுவது நின்று, பெரிய அமைப்பு மட்டும் மிஞ்சும். அந்த 5000 என்ற எண்ணைப் படக்குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். படிப்பவருக்கு, எது இல்லை என்பதற்கும் எதை நீங்கள் மறைத்தீர்கள் என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

தொடக்கத்தைச் சரிசெய்த பிறகும் கோட்டில் உண்மையான முறிவுகள் இருக்கலாம். பிஎக்ஸ்ஓ99ஏயை ஜப்பான், கொரிய வகைகளோடு ஒப்பிட்டவர்கள் பல பெரிய திருப்பங்களையும் இடமாற்றங்களையும் கண்டிருக்கிறார்கள். தாவும் துண்டுகள் நிறைந்த ஜீனோமில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள் எதிரெதிராக நின்றால், நடுவில் இருக்கும் பகுதி புரண்டுவிடலாம். உங்களுடையது இரண்டே பட்டைகளாக வந்ததைப் பார்த்தால், பிஎக்ஸ்ஓ99ஏயோடு அமைப்பில் நெருங்கிய வகை போலத் தெரிகிறது. அதுவே சொல்லத் தகுந்த செய்தி. அதனால் மற்ற இரண்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறிவிலும், அந்த இடத்தைத் தாண்டி இருபுறமும் சில ஆயிரம் எழுத்தாவது நீளும் தனி வாசிப்புகள் இருக்கின்றனவா என்று, வாசிப்புகளைக் கண்ணால் பார்க்க உதவும் ஐஜிவி மென்பொருளில் திறந்து பாருங்கள். அப்படி நாலைந்து வாசிப்பு நிற்கிற முறிவை நம்பலாம்.

இந்தத் தேடலுக்கு ஆக்ட் என்ற கருவி கைகொடுக்கும். சேங்கர் நிறுவனத்தில் உருவாக்கிய ஆர்ட்டெமிஸின் ஒப்பீட்டு வடிவம் அது. நேர்ப் பொருத்தம் சிவப்பு, தலைகீழ் நீலம். முழு ஜீனோமிலிருந்து எழுத்து எழுத்தாகத் தெரியும் அளவுக்கு உள்ளே போய்ப் பார்க்கலாம். அச்சுக்கு அது தரும் படம் அவ்வளவு அழகில்லை, ஆனால் உட்கார்ந்து படிப்பதற்கு அதற்கு இணையில்லை. மாவ் என்பதும் பயனுள்ளதே. மூன்று நான்கு ஜீனோம்களை ஒரே நேரத்தில் வண்ணக் கட்டங்களாகப் பிரித்து, திரும்பிய கட்டத்தை நடுக்கோட்டுக்குக் கீழே காட்டும். எது எங்கே போனது என்பது ஒரு பார்வையில் பிடிபடும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்கு உதவினேன். அவர்களிடம் இருந்தது குறுகிய வாசிப்பு. ஜீனோம் சில நூறு துண்டுகளாகக் கிடந்தது. மாவின் துணையோடு துண்டுகளைப் பொது வகை ஒன்றின் வரிசைப்படி அடுக்கி, படம் போட்டோம். நேர்க்கோடாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. "இரண்டு ஜீனோம்களின் வரிசையும் ஒன்றே" என்று எழுதி அனுப்பினோம். மதிப்பீட்டாளர் ஒரே வரியில் கேட்டார்: அதன்படி அடுக்கிவிட்டு, அதே மாதிரி இருக்கிறது என்கிறீர்களே? அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பத்தியையும் படத்தையும் எடுத்துவிட்டு, எந்த மரபணு இருக்கிறது, எது இல்லை என்பதை மட்டும் வைத்துக் கட்டுரையைத் திரும்ப எழுத இரண்டு மாதம் ஆனது. உங்களிடம் ஒரே வட்டம் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் உங்கள் ஆய்வகத்தில் வேறு யாராவது துண்டு துண்டான அசெம்பிளியை வைத்து அமைப்பைப் பற்றிப் பேசினால், இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்து, வளையப் படம். உங்கள் வழிகாட்டி பிரிக் மென்பொருளில் வளையமாகப் போடச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுரைகளில் நிறையப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் ஒரு ஜீனோம், சுற்றிலும் வண்ண வளையங்கள். பத்து இருபது வகைகளை ஒரே படத்தில் காட்ட அது வசதிதான். ஆனால் அது காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: நடுவில் இருக்கும் ஜீனோமின் எந்தப் பகுதி மற்றவற்றில் இருக்கிறது என்பது. மற்றவற்றில் மட்டும் இருக்கிற மரபணுவுக்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது. வரிசை மாறியிருந்தாலும் தெரியாது.

இது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு நம் வயலிலேயே உதாரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கும்போது தாக்குப்பிடிக்கும் என்று சிஆர் 1009 சப்-1 ரகத்தைப் போடுகிறார்களே, அதில் உள்ள சப்1ஏ மரபணு ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்தது. ஒன்பதாவது குரோமோசோமில் சப்1பி, சப்1சி என்ற இரண்டு உறவினர்களின் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும், வளர்ச்சியை அடக்கிச் சேமிப்பைக் காப்பாற்றி, நீர் வடிந்ததும் துளிர்க்கச் செய்வது அதுதான் என்று 2006இல் நிறுவினார்கள். நெல் ஜீனோம் என்றால் உலகம் அடிப்படையாக எடுத்துக்கொள்வது 2005இல் முடிந்த நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகம். 12 குரோமோசோம், சுமார் 39 கோடி எழுத்து. அந்த நிப்பான்பாரேயில் சப்1பி, சப்1சி உண்டு, சப்1ஏ கிடையாது. நிப்பான்பாரேயை நடுவில் வைத்து எஃப்ஆர் 13ஏயை வளையமாகச் சுற்றினால், டெல்டா விவசாயிக்கு இருப்பதிலேயே முக்கியமான அந்த மரபணு படத்தில் எங்குமே இருக்காது. காலியிடமாகக்கூடத் தெரியாது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, இரண்டு ரகத்தையும் மேலும் கீழுமாக வைத்து அம்புகளாகப் போட்டால், மேலே இரண்டு அம்பு, கீழே மூன்று அம்பு, அதில் இணை இல்லாத ஒன்று என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

அதனால் பிரிக் போட்டே ஆக வேண்டும் என்றால், உங்கள் கிருமியை நடுவில் வைத்து ஒன்று, பிஎக்ஸ்ஓ99ஏயை நடுவில் வைத்து ஒன்று என இரண்டு போடுங்கள். இரண்டிலும் விழும் காலியிடங்களைச் சேர்த்துப் படித்தால்தான் முழுச் சித்திரம் கிடைக்கும். சர்கோஸ் என்ற மென்பொருளில் வட்டத்துக்குள் நூல் இழைகளாக ஓடும் படம் உங்கள் வேலைக்கு வேண்டாம். குரோமோசோம்கள் பல இருந்து, அவற்றுக்கிடையே உறவைக் காட்டும்போது அது பொருந்தும். இரண்டு பாக்டீரியாவுக்கு அது அலங்காரம்தான்.

இப்போது உங்கள் ஆய்வேட்டுக்கு நான் சொல்லும் இரண்டாவது படம். உங்கள் கிருமியில் எது டெல்டாவுக்கு முக்கியமோ அந்த இடத்தைப் பெரிதாக்கிப் போடுங்கள். என்னைக் கேட்டால் டால் மரபணுக்கள் இருக்கும் பகுதிகளைத்தான் எடுப்பேன். மேம்படுத்திய சம்பா மசூரியில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 என்று மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்திருக்கிறார்கள். இதில் எக்ஸ்ஏ13 வேலை செய்வது, பிடிஎச்எக்ஸ்ஓ1 என்ற டால் புரதம் நெல்லின் சர்க்கரை வாயிலைத் திறக்க வந்து உட்காரும் இடம் மாறியிருப்பதால்தான். உங்கள் வயல் கிருமியிடம் பிடிஎச்எக்ஸ்ஓ1 இருக்கிறதா, அல்லது வேறு சாவி வைத்திருக்கிறதா என்பது உங்கள் பக்கத்தில் பிபிடி எனப்படும் சம்பா மசூரி போடும் ஒவ்வொருவருக்கும் சம்பந்தப்பட்ட கேள்வி.

அதற்கு முதலில் இரண்டு ஜீனோமுக்கும் ஒரே கருவியால் மரபணுக் குறிப்பு எழுதுங்கள். புரோக்காவோ பாக்டாவோ, எதுவானாலும் இரண்டுக்கும் ஒன்றே இருக்கட்டும். ஒன்றைத் தரவுத்தளக் குறிப்போடும் மற்றதை உங்கள் குறிப்போடும் வைத்தால், வெறும் பெயர் வித்தியாசமெல்லாம் மரபணு வித்தியாசமாகத் தெரியும். அப்புறம் வேண்டிய பகுதியை வெட்டி ஈசிஃபிக்கிலோ கிளிங்கரிலோ போடுங்கள். கிளிங்கர் 2021இல் வந்தது. மரபணுக்களைப் புரதமாக மாற்றி ஒப்பிடுவதால் தூரத்து உறவும் பிடிபடும், உலாவியிலேயே அம்புகளை நகர்த்தி நிறம் மாற்றலாம். ஆனால் டால் மரபணுக்களுக்கு இரண்டிலும் ஒரு குறை உண்டு. நடுவில் திரும்பத் திரும்ப வரும் அந்த மறுதுண்டுகள் எத்தனை, எந்த வரிசையில் என்பதில்தான் அந்தப் புரதத்தின் குணமே இருக்கிறது. நெல் மரபணுவில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது அந்த வரிசைதான். ஒற்றுமை 98 சதவீதம் என்று அடர்த்தியான பட்டை வந்துவிட்டால் இரண்டும் ஒன்று என்று எண்ணக் கூடாது. ஒவ்வொன்றின் மறுதுண்டு வரிசையையும் தனி அட்டவணையாகக் கீழே கொடுங்கள்.

நிறச் சாய்வையும் கவனியுங்கள். பிளாஸ்ட் ஒற்றுமைக்கான அளவுகோல் 70இல் தொடங்கி 100இல் முடிந்தால் உங்கள் இரண்டு ஜீனோமும் ஒரே அடர் நிறமாகத் தெரியும். 97இல் தொடங்கினால் அதே தரவு வெளிறி, பெரிய வித்தியாசம் இருப்பது போலத் தோன்றும். இரண்டும் பொய் இல்லை, ஆனால் அளவுகோல் படத்திலேயே இருக்க வேண்டும். நேருக்கும் தலைகீழுக்கும் சிவப்பு, பச்சை என்று வைக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நிறையப் பேர். நீலமும் ஆரஞ்சும் வையுங்கள். நீலத்தை அடர்த்தியாகவும் ஆரஞ்சை வெளிறலாகவும் வைத்தால், பைண்டிங் கடையில் கறுப்பு வெள்ளையில் நகல் எடுக்கும்போதும் வித்தியாசம் நிற்கும். படத்தை எஸ்விஜி வகைக் கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளை ஒழுங்குபடுத்தலாம். பட்டைகளையும் அம்புகளையும் மட்டும் கையால் தொடாதீர்கள்.

படக்குறிப்பில் இரண்டு வகைகளின் பெயரும் தரவுத்தள எண்ணும், எந்த மரபணுவில் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதும், மென்பொருளும் அதன் பதிப்பு எண்ணும், குறைந்தபட்ச நீளமும் ஒற்றுமையும், ஒன்றுக்கு ஒன்று வடிகட்டினீர்களா இல்லையா என்பதும் இருக்கட்டும். நாலு வரியில் அடங்கிவிடும்.

முதலில் டிஎன்ஏஏவில் திருப்பி, வடிகட்டாமல் ஒரு புள்ளிப் படம் போட்டு அனுப்புங்கள். கோடு எங்காவது இன்னும் உடைந்திருந்தால், அந்த இடத்து வாசிப்புகளைச் சேர்ந்து பார்க்கலாம்.